லாச்சி வைத்த கேசிங்

போட்டோ எடிட்டிங் செய்ய என்ன கம்பியூட்டர் வாங்கலாம் என்று இன்றைக்கும் ஊரில் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ராத்தா, எந்த மொனிட்டர் நல்லம்? ராத்தா, ரேம் எவ்வளவு போடணும்? நானும் சொல்லித்தான் அனுப்புகிறேன். தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுக்கிறேன். அந்தத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போகிறவளுகளில் ஒருத்தியாவது, 'இந்தாங்க ராத்தா, என்ட கலியாணப் படம், நீங்களே செஞ்சி தாங்க' என்று சொல்ல மாட்டாள். என் புத்தி வேணும், என் வீடு வேணாம். நல்ல கதை!

இது ஏன் இப்படி ஆனது என்று சொல்லப் போனால் முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். புத்தளம் பக்கத்தில் எங்கட ஆட்களின் கலியாணம் என்றால் பொம்பளைப் பக்கம் தனி, ஆம்பிளைப் பக்கம் தனி. பொம்பளைப் பக்கத்தைப் படம் எடுக்கிறவளும் பொம்பளை, எடுத்த படத்தைத் திருத்தி அல்பம் ஆக்குகிறவளும் பொம்பளை. உள்ளே மணப்பெண் முடியைத் திறந்துகொண்டு, கை நிறைய மருதோண்டியோடு, கூட்டாளிமாரோடு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு இருப்பாள். அந்தப் படத்தை மாப்பிள்ளை பார்க்கலாம், வாப்பா பார்க்கலாம், கூடப் பிறந்த நானாமார் பார்க்கலாம். அந்நிய ஆம்பிளை ஒருத்தனின் கண்ணிலும் படக்கூடாது. நீங்கள் என்ன நினைத்தாலும் நினையுங்கள், எங்களுக்கு இது மானம். ஒருத்தி தன் படத்தை என் கையில் தந்தால் அது அமானிதம். அவளுடைய பொருள், திருப்பிக் கொடுக்கும் வரைக்கும் காவல் என்னுடையது.

என்னை விட நன்றாகத் திருத்துகிறவளுகள் ஊரில் இல்லாமலா? இருந்தாளுகள். ஆனாலும் கல்பிட்டியில் இருந்தும் முந்தலில் இருந்தும் என்னைத் தேடி வந்தார்கள். 'அவட வீட்ல இருந்து ஒரு படம் வெளிய போகாது' என்று ஒரு பேர் எனக்கு இருந்தது. அந்தப் பேர்தான் என் தொழில், அதற்குப் பிறகுதான் கம்பியூட்டரும் மற்றதும்.

அந்தப் பேரை நான் சும்மா எடுக்கவில்லை. என் உம்மா மன்னாரில் வாழ்க்கைப்பட்டவ. தொண்ணூறில் இயக்கக்காரர் எங்கட முஸ்லிம் ஆட்களை ஊரை விட்டு விரட்டினபோது நான் இடுப்பில் இருந்த பிள்ளை. கையில் அகப்பட்டதோடு வள்ளத்தில் ஏறி கல்பிட்டிக் கரையில் இறங்கினார்களாம். உம்மாவின் கலியாணப் படம் அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டியிருந்தது. கதவைத் திறந்தால்தான் தெரியும். அந்த அவசரத்தில் அதை உரித்து எடுக்க நினைவு வரவில்லை. வீட்டுக்காக அழுததை விட அந்தப் படத்துக்காகத்தான் உம்மா கூட அழுதா. "வீடு போனா போகட்டும் மகள். அந்தப் படத்த எவன் பாத்தானோ?" சண்டை முடிந்து பாதை திறந்ததும் போய்ப் பார்த்தோம். சுவர் நின்றது, அலுமாரி இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் யன்னலைப் பார்த்துக்கொண்டு உம்மா திரும்பவும் அதையேதான் கேட்டா. எவன் பாத்தானோ?

அந்தக் கேள்வி காதில் கிடக்க வளர்ந்தவள் நான். எனக்குப் படம் திருத்தும் வேலை கிடைத்தபோது, எவனும் பார்க்கக் கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

என் முதல் மெஷின் ஒரு கிழம். யாரோ கழித்துவிட்டதை வாங்கியது. மொனிட்டர் இருக்கிறதே, அந்த நாசமாய்ப் போன மொனிட்டர், தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் மணப்பெண் கறுப்பாள், நிமிர்த்தினால் வெளுப்பாள். எது அவளுடைய உண்மையான நிறம் என்று கண்டுபிடிக்கக் கதிரையில் இருந்து எழும்பி எழும்பி இருப்பேன். சிலாபத்தில் ஒரு சிங்கள நோனா படம் அச்சடிக்கிற கடை வைத்திருந்தா. எங்கட பெண்களின் படம் என்றால் வேலைக்கு நிற்கிற ஆம்பிளைகளைத் தேத்தண்ணி குடிக்க அனுப்பிவிட்டு, தானே நின்று அடித்துத் தருவா. அப்படி ஒரு நல்ல மனுசி, என்னை நங்கி, தங்கச்சி என்றுதான் கூப்பிடுவா. ஒருநாள் அவ போன் எடுத்து, "அனே நங்கி, இந்தப் பொண்ணுக்கு என்ன வருத்தம்? முகம் எல்லாம் நீலமா இருக்கு!" என்றா. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இனி இந்தக் கிழத்தோடு மாரடிக்க ஏலாது, புதிது ஒன்று வாங்குவோம் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

சும்மா கடைக்குப் போய் 'ஒரு கம்பியூட்டர் தாங்க' என்று கேட்கிற ஆள் நான் இல்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்போமே, அப்படி ஒவ்வொரு சாமானையும் தூக்கிப் பார்த்தேன். படிக்கக் கிடைத்ததை எல்லாம் படித்தேன், நோனாவிடம் கேட்டேன். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத மொனிட்டர் வேண்டும், அது பளபளக்காத திரையாக இருக்க வேண்டும். ரேம் தாராளமாக வேண்டும், கலியாணப் படங்களைக் கும்பலாகத் திறந்தால் மெஷின் மூச்சு முட்டக் கூடாது. எல்லாரும் கிராபிக்ஸ் கார்ட், கிராபிக்ஸ் கார்ட் என்று குதிப்பார்கள். அது கேம் விளையாடுகிறவனுக்கு. எனக்கு நடுத்தரமாக ஒன்று போதும். கரண்ட் நினைத்த நேரம் போகிற ஊர், அதனால் யூ.பி.எஸ். களப்புக் காற்று உப்புக் காற்று, அதனால் ஆணியைக் கழற்றித் திறந்து தூசு தட்டக்கூடிய கேசிங், மெஷினை மூடுகிற பெட்டி.

அந்தக் கேசிங்தான் எனக்கு முக்கியம். அதன் முன்பக்கத்தில் மேசை லாச்சி மாதிரி இழுத்துத் திறக்கிற ஒன்று இருக்கும். படங்கள் இருக்கிற ஹார்ட்டிஸ்க் அந்த லாச்சிக்குள் உட்கார்ந்திருக்கும். பூட்டு உண்டு, சாவி உண்டு. வேலை முடிந்தால் மெஷினை நிறுத்திவிட்டு லாச்சியை இழுத்து, டிஸ்க்கைத் துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டலாம். மெஷின் பழுதானால் மெஷின் மட்டும் கடைக்குப் போகும், படம் வீட்டிலேயே இருக்கும். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிய வந்த அன்று சந்தோசத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒருத்தன் எங்கட ஊர்ப் பொம்பளைகளை மனதில் வைத்துச் செய்தது போல இருந்தது.

கொழும்புக்கு நானே போய் வாங்குகிறேன் என்றேன். வீட்டுக்காரர் விடவில்லை. அவர் உப்பளத்தில் மூட்டை ஏற்றுகிற வேலையை மேற்பார்வை பார்க்கிறவர், புத்தளத்துப் பழைய குடும்பம். "அந்தக் கடையெல்லாம் ஆம்பிளைகள் இடிச்சிக்கிட்டு நிப்பாங்க புள்ள. நீ எதுக்கு அதுக்குள்ள? நான் போய் வாங்கிட்டு வாறன்" என்றார். சரி, என் மேல் உள்ள அக்கறை. நானும் வாய் கிழியச் சொல்லிக் கொடுத்தேன். எல்லாத்தையும் மறந்தாலும் லாச்சியை மறக்காதீங்க என்றேன். லாச்சி ஏன் என்றும் சொன்னேன். அவர் பாணைக் கறியில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டே "ஓம், ஓம்" என்றார். வாசலில் இறங்கும்போது, "லாச்சி" என்றேன். "ஓம் புள்ள, லாச்சி" என்றார்.

மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி வந்து இறங்கினார். ஒரே ஒரு பெட்டி.

"மத்தப் பெட்டிகள் எங்க?"

"எல்லாம் இதுக்குள்ளதான்!" முகம் எல்லாம் பல்.

திறந்து தூக்கி வைத்தார். வெள்ளைத் திரை ஒன்று. மெலிசு. திரையும் அதுதான், மெஷினும் அதுதான், எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று.

"கேசிங் எங்க?"

"கேசிங்கே தேவல்லயாம். இப்ப இதுதான் எல்லாரும் எடுக்கிறாங்களாம். கடைக்காரன் சொன்னான், பொம்பளைகள் வீட்ல பாவிக்க இதுதான் வடிவாம்."

"லாச்சி?"

"லாச்சி என்னத்துக்குப் புள்ள? மேசையில மூணு லாச்சி இருக்குதானே."

பகிடிக்குச் சொன்னார். வீட்டில் நின்றவர்களும் சிரித்தார்கள். மாமி கையால் தடவிப் பார்த்து, "மாஷா அல்லாஹ், டீவிய விட வடிவு" என்றா. அவருடைய கடைசித் தங்கச்சி, அப்போது பள்ளிக்கூடம் முடித்துவிட்டு என் பக்கத்தில் இருந்து வேலை பழகிக்கொண்டிருந்தவள், "மதினி, நாங்க இனிப் பெரிய ஆக்கள்" என்று கையைத் தட்டினாள். நான் குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நின்றேன். என் உழைப்பில், என் கண்ணைக் கெடுத்துச் சேர்த்ததில் வாங்கின சாமான். எனக்குப் பொருத்தம் பார்க்க மட்டும் எனக்கு உரிமை இல்லை. மாற்றித் தரக் கேட்போம் என்றால், விற்றதைத் திரும்ப எடுக்க மாட்டானாம், அதையும் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

அந்த வடிவான திரை கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். மணப்பெண்ணின் முகத்துக்கு மேல் என் மூக்கு தெரியும், என் மூக்குக்குப் பின்னால் யன்னல் தெரியும். யன்னலைச் சாத்திவிட்டு, புழுங்கிப் புழுங்கி வேலை செய்தேன். டிஸ்க் உள்ளே, ஒட்டி மூடின முதுகுக்குள். வெளியே செருகுகிற சின்ன டிஸ்க் ஒன்றில் படங்களை வைத்து வேலை செய்து பார்த்தேன். ஒரு படத்தைத் திறந்து மூடுவதற்குள் சோறு ஆக்கி வடித்துவிடலாம். அதனால் வேலை நடக்கிற படங்கள் உள்ளேதான் கிடந்தன. அல்பத்தைக் கொடுத்த கையோடு அழித்துவிடுவேன். மற்றப்படி என்னால் என்ன செய்ய முடியும்?

ஹஜ் பெருநாள் கழிந்து கலியாணங்கள் குவிகிற காலம். ஒரு காலையில் பட்டனை அழுத்துகிறேன், திரை கறுப்பு. இன்னொரு தடவை. கறுப்பு. முதுகில் காற்றுப் போகிற ஓட்டைகளைப் பார்த்தால் ஓரமெல்லாம் துருப் பூத்திருந்தது. உப்பு இரும்பை என்ன செய்யும் என்று உப்பளத்து ஆளுக்கு நான் சொல்லிக் கொடுக்கணுமா?

"திருத்துறவன வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க" என்றேன். "என் கண்ணுக்கு முன்னால திறக்கட்டும். டிஸ்க்கக் கழட்டி என் கையில தந்திட்டு, மிச்சத்தைக் கொண்டு போகட்டும்."

"அந்நிய ஆம்பிளைய வீட்டுக்குள்ள, நீ இருக்கிற அறைக்குள்ள கொண்டு வரச் சொல்றியா?"

"நான் அபாயாவோட, முகத்த மூடிக்கிட்டு நிக்கிறன். நீங்களும் நில்லுங்க, மாமியும் நிக்கட்டும்."

"அது சரிவராது."

வாதாடிப் பார்த்துவிட்டுச் சிலாபத்துக்குப் போன் எடுத்தேன். நோனா, "இங்க கொண்டு வா நங்கி. என்ட தம்பிக்குத் திறக்கத் தெரியும். நீ பக்கத்தில நின்னு டிஸ்க்க வாங்கிக்க" என்றா. அப்பாடா என்று இருந்தது. மறுநாள் பஸ் ஏறுவது என்று அவரிடமும் சொன்னேன். அதற்கும் "ஓம்" என்றார். அந்த மனுசனின் ஓமை நம்பி நம்பியே நான் கெட்டேன்.

மறுநாள் விடியவே உம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்தது. உம்மா வீட்டுக்கு ஓடினேன். சிலாபத்துப் பயணத்தை அடுத்த நாளுக்குத் தள்ளினேன். பின்னேரம் வந்து பார்த்தால் மேசை வெறுமை. கட்டிலில் விரித்திருந்த துணியையும் காணவில்லை.

"டவுன்ல திருத்தக் குடுத்திட்டன்" என்றார். "துணியில சுத்தி, மோட்டர்சைக்கிள்ல பத்திரமாக் கொண்டு போனன். நீ கரைச்சல்படுறதப் பாக்க ஏலாம இருந்திச்சு."

"டிஸ்க்?"

"அது உள்ள இருக்கு. அத நான் எப்படிக் கழட்டுற?"

"பாஸ்வேர்ட்?"

"கேட்டான், குடுத்தன். இல்லாட்டி எப்படி ஓடிப் பாக்கிற?"

அட அல்லாஹ்வே! நான் கத்தின கத்து பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். அவர் பதறிப்போய் யன்னலைச் சாத்தினார். "அவன் நல்ல பொடியன் புள்ள. அஞ்சு நேரமும் தொழுறவன்."

"தொழுறவனுக்குக் கண் இல்லையா?" என்றேன்.

அவருக்கு விளங்கவே இல்லை. இதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் ஆறுவதில்லை. திருத்துகிறவன் என் வீட்டுக்குள் வந்தால் என்ன பார்த்திருப்பான்? தலை முதல் கால் வரை மூடின ஒரு பொம்பளையைப் பார்த்திருப்பான், அவ்வளவுதான். அதைத் தடுக்கப் போய், அரை ஊர்ப் பெண்களை முடியைத் திறந்தபடி அவன் மேசையில் வைத்துவிட்டு வந்தார். ஒருத்தியை மூடுவதற்காக அத்தனை பேரையும் திறந்துவிட்ட மனுசன், இரவுச் சோற்றுக்கு மீன் பொரித்தாயா என்று கேட்டார்.

காலையில் அவரை இழுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டருக்கு மேலே, ரோட்டைப் பார்த்தபடி. திரையில் நான் கடைசியாகத் திறந்த போல்டர். முந்தலில் இறால் வியாபாரத்துக்கு வாடி வைத்திருக்கிறவர் ஒருவரின் மகளுடைய கலியாணம். சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசை வரிசையாக அவள். சிரிக்கிறாள், தலையைக் குனிகிறாள், தங்கச்சியின் தோளில் சாய்கிறாள். கவுண்டருக்கு முன்னால் போன் திருத்தக் கொண்டுவந்த மூன்று நான்கு ஆம்பிளைகள் நின்றார்கள்.

நான் போய்த் திரைக்கு முன்னால் நின்றேன். வேறு என்ன செய்வது? என் முதுகால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

கடைக்காரன் உண்மையிலேயே நல்ல பொடியன்தான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், நிலத்தைப் பார்த்தபடி பேசினான். "மதர்போர்ட்ல உப்பு புடிச்சிருந்திச்சு, துப்புரவாக்கிட்டன். நீங்க பயப்பட வேணாம், ஒரு படமும் அழியல்ல. திருத்தக்குள்ள அழிஞ்சிரும் எண்டு, முதல்லயே எல்லாத்தையும் என்ட மெஷினுக்குக் கொப்பி எடுத்து வைச்சிட்டன்."

நல்லது செய்தானாம். என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்ட பொடியன் எல்லாருடைய முகத்தையும் கொப்பி எடுத்து வைத்திருந்தான். கொப்பியை அழி என்றேன். உடனே அழித்தான், என் முன்னால், குப்பைக் கூடையையும் வெறுமையாக்கிக் காட்டினான். வீட்டுக்காரர் "பாத்தியா, முடிஞ்சிச்சு" என்றார். எனக்குத் தெரியாதா? கமராக் கார்டில் அழிந்துபோன படங்களைத் திரும்ப எடுத்துக் கொடுத்து எத்தனை பேரின் அழுகையை நான் நிறுத்தியிருக்கிறேன். அழித்தது என்றால் என்ன என்று எனக்கா சொல்கிறார்கள்?

ஒரு படமாவது வெளியே போனதா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. யாருடைய போனிலும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் கவுண்டருக்கு முன்னால் நின்ற ஆம்பிளைகளுக்கு வீடு இருக்கிறது, வீட்டில் பொம்பளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாய் இருக்கிறது. ஜும்ஆவுக்கு முன்னமே கதை முந்தலுக்குப் போய்விட்டது.

மணப்பெண்ணின் உம்மா வந்தா. அவ கத்தியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, "என்ட மகள்ட படத்த எவன் பாத்தான்?" என்று கேட்டா.

என் உம்மாவின் கேள்வி. என் வீட்டு வாசலுக்கே வந்து நின்றது. மெஷின் கடைக்குப் போனதையும், கொப்பி எடுத்ததையும், அழித்ததையும், ரோட்டைப் பார்த்து நின்றதையும் ஒன்று விடாமல் சொன்னேன். பொய் சொல்லித் தப்பலாம் என்று மாமி கண்ணைக் காட்டினா. அமானிதத்தைத்தான் காப்பாற்ற முடியவில்லை, உண்மையையாவது கொடுத்து அனுப்புவோம் என்று இருந்தது. அந்த உம்மா படங்களை ஒரு சின்ன டிஸ்க்கில் வாங்கிக்கொண்டு, சலாமும் சொல்லாமல் இறங்கிப் போனா.

பிறகு மற்றவர்களும் வந்தார்கள். முடிந்ததோ முடியாததோ, எங்கட படத்தைத் தாங்க என்றார்கள். சிலர் ஆளை அனுப்பினார்கள், முகம் காட்ட விரும்பவில்லை. கடைக்காரனை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்காரரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை, அவர் வழமை போலப் பள்ளிக்குப் போனார், வந்தார், சந்தியில் நின்று கதைத்தார். ஊரின் வாய்க்குள் விழுந்தவள் நான் ஒருத்திதான். இத்தனை வருசம் கழித்து, பிள்ளை குட்டி பெற்று இந்த மண்ணிலேயே ஊறிப்போன பிறகு, 'அந்த அகதிப் பொம்பள' என்ற பேரும் திரும்பி வந்தது. மெஷினைக் கொண்டுபோனது புத்தளத்து ஆம்பிளை, பேர் கெட்டது மன்னார்க்காரிக்கு. சிலாபத்து நோனா மட்டும் இடைக்கிடை போன் எடுப்பா. "இப்ப ஏன் நங்கி ஒண்டும் அனுப்புறல்ல?" என்பா. உடம்புக்கு வருத்தம் என்று சொல்லிச் சமாளிப்பேன்.

உம்மாவிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. யாரோ சொல்லித்தான் இருப்பார்கள், இந்த ஊரில் சொல்லாமல் விடுவார்களா? ஒருநாள் தலையைக் கோதிவிட்டுக்கொண்டே, "நீ சாப்பிடுறியா மகள்?" என்று மட்டும் கேட்டா. நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

ஒன்றரை இரண்டு வருசம் போனது. அவருடைய தங்கச்சிக்குக் கலியாணம் பேசி முடிந்தது. என் பக்கத்தில் இருந்து வேலை பழகினவள், கையைத் தட்டினவள். எனக்கு உள்ளுக்குள் ஒரு ஆசை எழும்பியது. இவளுடைய அல்பத்தை நான் செய்ய வேண்டும். ஊர்ப் பொம்பளைகள் எல்லாம் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். சொந்தத் தங்கச்சியின் படத்தையே என்னிடம் தந்திருக்கிறார்கள் என்று கண்டால், போன பேர் கொஞ்சமாவது திரும்பும். அந்த வெள்ளைத் திரையைத் துடைத்து வைத்தேன். எந்தப் படத்தை முதல் பக்கத்தில் போடுவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன், விசரி, பைத்தியக்காரி.

சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னார். "தங்கச்சிட படம் நம்ம வீட்டு மெஷின்ல வேணாம் புள்ள."

கறிச் சட்டியைக் கீழே வைத்தேன். "ஏன்?"

"ஊர் கதைக்கும். நம்ம வீட்ல இருந்து படம் வெளிய போகும் எண்டு ஒரு பேர் இருக்குதானே. அவட வாழ்க்கையில்லையா?"

அந்தப் பேரை எனக்கு வாங்கித் தந்த வாயாலேயே சொன்னார். சொல்லிவிட்டு மீன் துண்டைப் பிட்டுச் சாப்பிட்டார்.

"அவளே தன்ட படத்தச் செஞ்சிக்குவா" என்றார் பிறகு. "நீ பழக்கின வேலைதானே. மாப்பிள்ளைட ஆக்களும் செய்யட்டும் எண்டுறாங்க. கலியாணப் பரிசா நான் ஒரு கம்பியூட்டர் வாங்கிக் குடுக்கப் போறன்."

என்ன வாங்க வேண்டும் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. இந்த முறையும் ஏதாவது வெள்ளைத் திரையைத் தூக்கிக்கொண்டு வருவார், படட்டும் என்று இருந்தேன். ஓம், அப்படித்தான் நினைத்தேன். நான் என்ன பாவமே செய்யாத மலக்கா?

கலியாணத்துக்கு முந்தின கிழமை, தங்கச்சிக்குக் கட்டின புது வீட்டுக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். "வந்து பூட்டித் தா, எனக்கு வயர் கொழுவத் தெரியாது" என்றார். உள்ளே போனால் பெட்டிகள். ஒன்றில்லை, நான்கைந்து. மொனிட்டரைத் தூக்கி வைத்தேன். பளபளக்காத திரை. இந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன், நிறம் மாறவில்லை. ரேம் நான் சொன்ன அளவு. கிராபிக்ஸ் கார்ட் நடுத்தரம். யூ.பி.எஸ். ஆணி கழற்றித் திறக்கிற கேசிங். அதன் முன்பக்கத்தில், மேசை லாச்சி மாதிரி, சாவியோடு.

ஒரு சாமானையும் அவர் மறக்கவில்லை. வாசலில் இறங்கும்போது யாரும் ஞாபகப்படுத்தவும் இல்லை.

நான் நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கொழுவினேன். டிஸ்க்கை லாச்சிக்குள் வைத்துத் தள்ளினேன், சத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தது. தங்கச்சி பக்கத்தில் குந்திக்கொண்டு, "வடிவு மதினி" என்றாள். அவர் கதிரையில் இருந்துகொண்டு அவளுக்கு விளங்கப்படுத்தினார். "வேலை முடிஞ்சா இழுத்து எடுத்து அலுமாரியில வைச்சுப் பூட்டு. மெஷின் பழுதானா மெஷின் மட்டும் கடைக்குப் போகும். படம் வீட்லயே இருக்கும், விளங்கிச்சா?" என் வார்த்தைகள். நான் சொன்ன ஒழுங்கிலேயே.

அவள் தேத்தண்ணி போட எழும்பிப் போனாள். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, நிலத்தில் இருந்தபடியே அவரைப் பார்த்தேன்.

"அப்ப அண்டைக்கு நான் சொன்னது எல்லாம் உங்கட காதுல விழுந்திச்சுதானே?"

"விழுந்திச்சு. ஏன் விழாம?"

"பிறகு ஏன்?"

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. கோபமும் இல்லை. இவ்வளவு நாளும் இது எனக்கு விளங்கவில்லையா என்று உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் சொன்னார்.

"அது ஊரார்ட படம்தானே, புள்ள."